கம்பிச் சல்லடையும் ஒரு கிலோ துவரம் பருப்பும்

மெல்பர்னுக்கு நான் கஞ்சியைப் பற்றிப் பேசப் போனேன். குடிவரவு மேசையில் இருந்த இளைஞரிடம் அதைச் சொல்லி விளக்க முடியும் என்று தோன்றவில்லை. தங்கையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

தங்கை ராஜி மெல்பர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும் வழியில், டண்டினோங்கில் ஒரு பழைய தேவாலயக் கூடத்தில் நடக்கும் உணவு உதவி மையத்தில் பருப்பும் அரிசியும் இறக்கிவிட்டுப் போவது அவள் வழக்கம். மையத்தை நடத்துபவர் மெகன் என்ற பெண்மணி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய முன்னோர் வேல்ஸ் நாட்டில் ஒரு சிறிய கம்பளி நெசவு ஊரிலிருந்து வந்தவர்கள். அந்த ஊரில் இருந்த வொர்க்ஹவுஸ் பற்றி, அதாவது ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட இல்லத்தைப் பற்றி, கூடத்தின் ஒரு மூலையில் சிறிய கண்காட்சி வைக்க அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 'என் அக்கா மதுரையில் பத்திரிகையில் இருந்தவள். கஞ்சித்தொட்டிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாள்' என்று ராஜி சொல்லிவைக்க, சனிக்கிழமை கண்காட்சி திறக்கும்போது அரை மணி நேரம் பேசும்படி எனக்கு அழைப்பு வந்தது.

திங்கட்கிழமை முழுவதும் ராஜியின் கார் நிறுத்தும் அறையில் உட்கார்ந்து பருப்பைக் கட்டினோம். இருபது கிலோ துவரம் பருப்பு மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ பைகளாக்க வேண்டும்.

"பையில பேரெழுதுக்கா. அவங்களுக்குத் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் ஒண்ணுதான். போன தடவை ரெண்டையும் கலந்து சூப்பு வச்சிட்டாங்க. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

நீல மையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருபது பைகளில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ராஜி வேலைக்குப் போகும்போதே பைகளைத் தெரிந்த ஒருவர் காரில் அனுப்பிவிட்டாள். நான் ரயிலில் புறப்பட்டேன். பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, மீதித் தூரத்துக்குப் பேருந்து என்றார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் எங்களை வரிசையாக நடத்திப் போனார்கள். எனக்குப் பின்னால் ஒரு தமிழ் மாணவன் தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தான். "டேய், ட்ரெயின் இல்லடா, பஸ்ஸு. நம்ம ஊர்ல மழை பெஞ்சாதான் இப்படி ஆகும். இங்க வெயில் அடிச்சாலே ஆகுது."

பேருந்தை ஓட்டியவர் ஒரு பஞ்சாபியர். அவருக்கு அந்தத் தடம் புதிது. ஒரு சுற்றுச்சாலையில் மூன்று முறை சுற்றினார். கடைசியில் முன் இருக்கையிலிருந்த வியட்நாம் மூதாட்டி எழுந்து நின்று, கையால் இடம் வலம் காட்டியே எங்களை டண்டினோங்கில் சேர்த்தார். யாரும் சத்தம் போடவில்லை. இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். மதுரையாக இருந்தால் அவருடைய மூன்று தலைமுறையையும் விசாரித்திருப்பார்கள்.

மெகன் வாசலிலேயே காத்திருந்தார். வெட்டிய நரைமுடி, பெரிய கைகள். குசலம் விசாரித்து முடிப்பதற்குள் என்னைக் கண்காட்சி மூலைக்கு அழைத்துப் போய்விட்டார். அட்டைகள் பாதிதான் மாட்டப்பட்டிருந்தன. நடுவில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. செங்கல் சுவரில் பதித்த இரும்புக் கம்பிச் சல்லடை. ஓட்டை ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவுக்கு இருக்கும்.

"இரவு தங்க வரும் ஏழைக்கு மறுநாள் காலையில் ஓர் அறையும் ஒரு குவியல் கல்லும் கொடுப்பார்கள்," என்றார் மெகன். "உடைத்த கல்லை இந்த ஓட்டை வழியாக வெளியே தள்ள வேண்டும். பெரிய துண்டு போகாது. குவியல் தீர்ந்தால்தான் கதவு திறக்கும்."

மற்ற அட்டைகளை நானே படித்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் எழுதிய சட்டம் அது. வெளியில் மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனுடைய வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவனுடைய வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அப்போதுதான் உண்மையிலேயே வேறு வழியில்லாதவன் மட்டும் கதவைத் தட்டுவான். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வேல்ஸ் ஊர்கள் பலவற்றில் இந்தச் சட்டத்தை உள்ளூர்க்காரர்களே விரும்பவில்லை. ஏழையை அவன் வீட்டிலேயே வைத்து ரொட்டி கொடுத்தால் போதும் என்று கட்டடம் கட்டாமல் இழுத்தடித்தார்கள். மெகனின் ஊரும் இழுத்தடித்தது. ஆனாலும் ஒருநாள் கட்டினார்கள். கம்பளித் தறிகள் நின்றபோது மெகனின் முன்னோர்களில் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு அதற்குள் போனாள். பழைய கப்பல் கயிற்றை விரலால் நார்நாராகப் பிரிப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'ஆங்கிலம் தெரியாது' என்ற ஒரே குறிப்புதான் இருக்கிறது. அவளுடைய மகள் வீட்டு வேலைக்காரியாக இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறினாள்.

"அதனால் எனக்கு ஒரே ஒரு விதிதான்," என்றார் மெகன். "இங்கே ஒரு பை உணவுக்காக யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்." பிறகு சமையலறைப் பக்கம் தலையசைத்தார். "அந்த விதியை மீறுகிறவர் ஒருவர் உள்ளே இருக்கிறார். போய்ப் பேசுங்கள். உங்கள் மொழிக்காரர்."

சமையலறையில் ஒருவர் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கனமான காயை நிறுத்திவைத்து, கத்தியை ஒரே இடத்தில் இறக்கி, உடல் எடையை அழுத்திப் பிளந்தார். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. பெயர் சிவநேசன். முல்லைத்தீவுக்காரர். படகில் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது.

"இருங்கோ அக்கா, அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ. பிளேன் ரீ குடிப்பீங்களோ?"

பால் இல்லாத தேநீர்தானே, குடிப்பேன் என்றேன்.

"இந்த ஊர்ப் பூசணிக்குத் தோல் இமிகிரேசன் ஒஃபிசர் மாதிரி அக்கா. கத்தி லேசில இறங்காது."

சிரித்தபடியே மீதியையும் சொன்னார். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை செய்தார். போன வருடம் அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு நடக்கிறது. அதுவரைக்கும் கொடுத்திருக்கும் தற்காலிக விசாவில் வேலை செய்யும் உரிமை இல்லை. மனைவிக்கும் இல்லை. இரண்டு மகள்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சனிக்கிழமை வரிசையில் எண் எழுதிய அட்டையோடு உட்கார்ந்து பை வாங்க அவரால் முடியவில்லை. செவ்வாயும் வியாழனும் மையத்தில் சூடான மதிய உணவு உண்டு. அந்த இரண்டு நாளும் வந்து காய் வெட்டுகிறார். வியாழன் மாலை ஒரு பை எடுத்துக்கொண்டு போகிறார்.

"சும்மா வாங்கேலாது அக்கா. ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு."

அவருக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் இருந்தது. மேல்முறையீட்டுக்கு நற்சான்றுக் கடிதங்கள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மெகன் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தந்தால் உதவியாக இருக்கும். மெகன் போடுவார், ஆனால் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள் எண்டு ராஜி அக்கா சொன்னவ. வடிவா எழுதித் தருவீங்களோ?"

முப்பத்திரண்டு வருடம் செய்த வேலை அது. யார், எங்கே, எப்போது, என்ன. மெகனின் மடிக்கணினியில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தேன். சிவநேசன் வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் மையத்தின் சமையலறையில் உழைக்கிறார். பதிலாக வாரம் ஒரு பை உணவு மட்டும் பெறுகிறார். இலவசமாக எதையும் வாங்க மறுக்கிறார். மெகன் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டார். சிவநேசன் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். நீண்ட நாளுக்குப் பிறகு உருப்படியாக ஒன்று எழுதியதாக எனக்குத் தோன்றியது.

புதனும் வியாழனும் நகரத்தில் கழிந்தன. டிராமில் ஏறி வட மெல்பர்ன் பக்கம் போனேன். முதியவர்களுக்கும் வறியவர்களுக்கும் அங்கே ஒரு பெரிய இல்லம் இருந்தது என்று மெகன் சொல்லியிருந்தார். இங்கே குடியேறியவர்கள் இங்கிலாந்தின் ஏழைச் சட்டத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. அந்தச் சட்டத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் முதுமையும் நோயும் வந்தபோது அதே மாதிரிக் கட்டடம், அதே மாதிரி வரிசை, நன்கொடையாளர் தரும் சிபாரிசுச் சீட்டு. இப்போது அந்த இடத்தில் மாடி வீடுகள். ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு போனாள். நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "அப்படியா, வீடு வாங்கும்போது யாரும் சொல்லவில்லையே," என்றாள்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ராஜி கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டபடி என் பேச்சுக்குக் குறிப்பெடுத்தேன். சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடம் அது. பஞ்ச நிவாரண முகாம்களில் நம் ஊர் ஆட்களையும் கல் உடைக்க வைத்தார்கள். முகாம் வீட்டிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நடந்து வருகிறவன்தான் உண்மையான பசிக்காரன் என்று கணக்கு. வேல்ஸின் சல்லடையும் எங்கள் முகாமும் ஒரே மேசையில் யோசிக்கப்பட்டவை. இதுதான் நான் பேச நினைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மெகன் தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

சிவநேசன் வியாழன் காலை இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குக் கடிதத்தைக் கொண்டுபோயிருக்கிறார். அங்கிருந்த வழக்கறிஞர் அதை ஒருமுறை படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். பொதுவாகச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை, பதிலாக ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஒருவர் செய்தால் அதுவும் வேலை என்று அதிகாரி சொல்லலாம். கட்டாயம் சொல்வார் என்றில்லை, ஆனால் கேள்வி எழும். எழுந்தால் மேல்முறையீடு முடியும் முன்பே விசா போகலாம். கடிதத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. கிழித்துவிடச் சொல்லியிருக்கிறார். சமையலறைப் பக்கமே போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"நேற்று மத்தியானம் வந்தார்," என்றார் மெகன். "ஏப்ரனை மடித்துக் கொடுத்தார். பையைக் கொண்டுபோகச் சொன்னேன். நான் இன்றைக்கு ஒன்றும் வெட்டவில்லையே என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்."

ராஜியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனை மணி நேரம்னு யாராவது எழுதுவாங்களா? நல்ல மனுஷர், எல்லாருக்கும் உதவுவார்னு எழுதினா போதாதா? ரிட்டயர் ஆகியும் உனக்கு அந்தப் புத்தி போகலயே அக்கா."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது நெசவாளர்கள் திறந்த கஞ்சித்தொட்டியைப் பற்றி எழுதப் போனேன். வரிசையில் நின்ற ஒருவரின் பெயர், வயது, தெரு எல்லாம் போட்டு எழுதினேன். ஒரு பிழையும் இல்லாத செய்தி. அது வெளியான மறுநாள் போனபோது அவர் வரிசையில் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் விசாரிக்கவில்லை. அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

இந்த முறை தொலைபேசியை எடுத்தேன். சிவநேசனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் பொய் ஒண்டும் எழுதேல்லையே அக்கா."

"அதுதான் வினை."

அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வருவீங்களா?" என்றேன். "வரிசைக்கு."

"பாப்பம்," என்றார்.

சனிக்கிழமை கூடத்தில் எழுபது பேர்வரை இருந்தார்கள். ஆப்கானியர்கள், சூடானியர்கள், வாடகை கட்ட முடியாத வெள்ளைக்காரக் கிழவர்கள், எங்கள் ஆட்கள். வாசலில் எண் அட்டை கொடுத்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்காட்சி மூலையில் என் முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் நான்கு பேர் எண்ணுக்காகக் காத்திருந்தவர்கள். நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சிவநேசன் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அட்டையை வாங்கி, எண்ணைப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை முழங்காலின் மேல் வைத்திருந்தார். சமையலறையில் யாரோ கத்தியைப் பலகையில் தட்டித் தட்டிக் காய் நறுக்கும் சத்தம். ஒழுங்கில்லாத சத்தம். அவர் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கல் உடைத்தவர்களைப் பற்றியும் தொலைவு நடந்தவர்களைப் பற்றியும் பேசினேன். குறிப்பில் இல்லாத அந்த நெசவாளரைப் பற்றியும் பேசினேன். அவர் பெயரை இந்த முறை சொல்லவில்லை. மெகன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல் சிறியதாக இருந்தது.

சிவநேசனின் எண்ணைக் கூப்பிடும்போது கூடத்தில் பத்துப் பேர்தான் மிச்சம். அவர் எழுந்து போனார். தொண்டு செய்ய வந்த ஒரு மாணவி உணவுப் பையை நீட்டி, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். "நோ, தாங்க்யூ," என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில், காலியான நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். மூன்றாவது நாற்காலி கையில் இருக்கும்போது மெகன் ஓடிப்போய் அதைப் பிடித்தார்.

"வேண்டாம், சிவா."

இருவரும் ஒரு நொடி அந்த நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் கையை எடுத்தார். போகும் வழியில் சல்லடைப் படத்தின் முன் நின்று, அதன் கீழே இருந்த விளக்கத்தை வாய் அசையப் படித்தார். என்னிடம் தலையசைத்துவிட்டு, "போட்டு வாறன் அக்கா," என்றார்.

அன்று மாலை மெகன் என்னை ரயில் நிலையத்தில் விட்டார். காரை நிறுத்தியதும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "அங்கே கல் உடைக்காவிட்டால் கதவைத் திறக்கமாட்டார்கள். நான் ஒரு மனிதனின் கையிலிருந்து நாற்காலியைப் பிடுங்குகிறேன். அவளுக்கு இதை எப்படி விளக்குவேன்?" அவள் என்றது கயிறு பிரித்த அந்தப் பெண்ணை. ரயில் வந்துவிட்டது. இந்த முறை கடைசி நிலையம்வரை ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ராஜி கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அழைத்துப் போனாள். நல்ல வெயில், குளிர்ந்த காற்று. வண்டி நிறுத்த இடம் கிடைக்கவே கால் மணி நேரம் ஆனது. கோபுரத்தின் கீழே பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட பெண்கள். ஒரு தாய் யாழ்ப்பாணத் தமிழில் மகனை அதட்ட, அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

கும்பிட்டுவிட்டு அன்னதானக் கூடத்துப் பக்கம் வந்தோம். சமையல்கட்டு வாசலில், பக்தர்கள் கொண்டுவரும் அரிசி பருப்பை வைக்க ஒரு மேசை இருந்தது. சிவநேசன் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் அங்கே நின்றார். பெரியவள் அவர் தோள் உயரம். அவர் ஒரு துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அரிசிப் பைகளுக்குப் பக்கத்தில் நேராக வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நகர்ந்த பிறகு பார்த்தேன். ஒரு கிலோ துவரம் பருப்பு. பையின் மேல் நீல மையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் என் கையெழுத்து.

ராஜியும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

உள்ளே வரிசை மெல்ல நகர்ந்தது. சிவநேசன் எங்களைக் கண்டுவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை சமையலறையில் பார்த்த முகம் திரும்பியிருந்தது. மனைவிக்கு அறிமுகப்படுத்தினார். எங்களுக்கு முன்னால் இடம் விட்டு, மேசையிலிருந்து இரண்டு தட்டை எடுத்து, ஒன்றை எனக்கும் ஒன்றை ராஜிக்கும் நீட்டினார்.

"சாப்பிட்டுப் போங்கோ அக்கா," என்றார். "இண்டைக்குச் சாம்பார்."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.